பாபநாசத்துத் திடலும் இரு காற்றுகளும்

வைகாசி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், சம்பாவும் அதன்பின் தெளித்த உளுந்தும் அறுபட்டு, மேட்டூர்த் தண்ணீர் இன்னும் வந்து சேராமல் வெடித்துக் கிடக்கும் பாபநாசத்து வயல்களில் பட்டம் விடும் சிறுவர்களைச் சற்று நேரம் நின்று கவனிப்பவர்கள், ஒரு விசித்திரமான காட்சியைக் காணத் தவறமாட்டார்கள். நண்பகல் முழுவதும் மேற்கேயிருந்து வந்த காற்றில் கிழக்கு நோக்கி விம்மி நின்ற பட்டம், ஐந்து மணியை அடுத்து மெல்லச் சோர்ந்து, நூல் தளர்ந்து, தரையை நோக்கி இறங்கத் தொடங்கும். சிறுவர்கள் நூலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவதில்லை. வரப்பின்மேல் உட்கார்ந்து காத்திருப்பார்கள். கால் மணியோ அரை மணியோ கழிந்ததும், கழுத்தோரத்து வேர்வை சில்லென்று குளிரும்படியாக, கிழக்கேயிருந்து ஈரம் தோய்ந்த காற்று ஒன்று வந்து தொடும். "கடக்காத்து வந்துடுச்சு" என்று ஒருவன் எழுந்திருப்பான். பட்டம் மறுபடியும் ஏறும். ஆனால் இம்முறை அது நிற்கும் திசை மேற்கு.

எந்த வானிலை நிலையமும் அந்தச் சிறுவர்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பவில்லை. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு அன்று வெளியான அறிவிப்பில் இன்ன உஷ்ணம், இன்ன வேகத்தில் மேற்குக் காற்று என்பது இருந்திருக்கும். மாலை ஐந்தரை மணிக்குப் பாபநாசத்தில் காற்று திசை மாறும் என்பது அதில் இருந்திராது. அரசாங்கத்தின் வானிலை அறிவிப்பு ஒரு பிரதேசத்துக்குச் சொல்லப்படுவது. ஆட்டக்காரனுக்கு வேண்டியதோ ஒரு திடலுக்கும் ஒரு நாழிகைக்கும் உரிய செய்தி. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளியை நிரப்பக்கூடிய அறிவு அந்தந்த ஊரில் வெயிலிலும் காற்றிலும் நிற்பவர்களிடமே இருக்கிறது என்பதும், அவ்வறிவுக்கு விஞ்ஞானம் காரணம் காட்டிவிட்டால் அது வெறும் வழக்கமாக இல்லாமல் நம்பத்தகுந்த கணிப்பாகவே ஆகிவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். காவிரிப் படுகை அதற்கு மிகவும் ஏற்ற இடம். ஏனெனில், மலையும் குன்றும் இல்லாத இந்தச் சமவெளியில் காற்றின் நடையைக் குழப்புவதற்கு எதுவுமே இல்லை. பாபநாசத்துக்கு வருகிற காற்றுகள் முக்கியமாக இரண்டே; ஒன்று மேல்காற்று என்று நாம் சொல்லும் மேற்கத்திய மலைவாய்க் காற்று, மற்றொன்று கடற்காற்று.

மேல்காற்றின் பிறப்பிடத்தைப் பார்க்க வேண்டுமானால் நாம் ஏறக்குறைய 280 கிலோமீட்டர் மேற்கே போகவேண்டும். குஜராத்தின் எல்லையிலிருந்து குமரி வரையில் நெடுஞ்சுவராக நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திடீரென்று தாழ்ந்து, ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஒரு புறம் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும், மறுபுறம் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும் இருக்கும் மலைத்தொடர்களுக்கு இடையே, கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடிகளே உயர்ந்த இந்த வழி இருப்பதை அரபிக்கடலிலிருந்து எழுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கண்டுகொள்ளாமல் விடுமா? மலைச்சுவரில் மோதிய காற்று தன் மழையைக் கேரளத்துச் சரிவிலேயே கொட்டிவிட, கணவாய்க்குள் நுழைந்த காற்று நெருக்குண்டு வேகம் பெற்று, கோயம்புத்தூர், பல்லடம், உடுமலைப் பக்கங்களின் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு, கரூர் வழியாகக் காவிரியின் போக்கையே தானும் பின்பற்றி, திருச்சியைக் கடந்து தஞ்சைத் தரணிக்கு வந்து சேர்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், பொழுது விடியும்போது பாலக்காட்டில் இருந்த காற்று பிற்பகலில் பாபநாசத்துத் தென்னைகளை அசைக்கிறது என்று சொல்லலாம். வரும் வழியெல்லாம் வெந்த நிலத்தின்மேல் தவழ்ந்து வருவதால் அது வறண்ட காற்று. உதட்டை வெடிக்கச் செய்யும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைப் பற்றித்தான்.

இந்தக் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. ஆடி மாதத்தில் விடியற்காலையில் வெளியே வந்து பார்ப்பவர்கள், முந்தின நாள் நண்பகலில் ஓலைக் கீற்றுகளைப் பிய்த்துப் போட்ட காற்று எங்கே போயிற்று என்று வியக்கும்படி, இலை அசையாத அமைதியைக் காண்பார்கள். உண்மையில் அது எங்கும் போய்விடவில்லை. நம் தலைக்கு மேலே, சில நூறு மீட்டர் உயரத்தில், முன்னைவிட வேகமாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் நிலம் குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அடியிலே ஒரு மெத்தைபோலப் படிந்துவிடுவதால், மேலே ஓடும் காற்றின் வேகம் கீழே இறங்குவதற்கு வழியில்லை. சூரியன் ஏறி எட்டு, ஒன்பது மணிக்கு நிலம் சுடத் தொடங்கியதும், சூடேறிய காற்றுக் குமிழ்கள் மேலே கிளம்ப, மேலே உள்ள வேகமான காற்று அவற்றுக்கு ஈடாகக் கீழே இறங்க, தயிர் கடைவதுபோல மேலும் கீழும் கலந்து, பத்து மணிக்குள் மேல்காற்று தரைக்கு வந்துவிடுகிறது. ஆகையால் மேல்காற்றுக் காலத்தில் காற்றில்லாத ஆட்டம் வேண்டுபவர்களுக்கு விடியலும், காற்றே வேண்டுபவர்களுக்கு உச்சிப்பொழுதும் உரியவை. எந்த முன்னறிவிப்பையும் பாராமலே ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களுக்கும் இவ்வளவு துணிந்து சொல்லிவிடலாம்.

இனிக் கடற்காற்று. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்குவதற்குச் செலவாகும் வெப்பம், அதே எடையுள்ள உலர்ந்த மண்ணை நாலைந்து டிகிரி சூடாக்கிவிடும். மேலும், சமுத்திரம் தான் வாங்கிய வெப்பத்தைப் பல அடி ஆழத்துக்குக் கலந்துவிடுகிறது. மண்ணோ அதை மேல்தோலிலேயே வைத்துக்கொண்டு கொதிக்கிறது. எனவே சித்திரை, வைகாசி நண்பகலில் தஞ்சை நிலத்தின்மேல் காற்று 38 டிகிரிக்குக் காய்ந்திருக்கும்போது, நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலின்மேல் அது 29, 30 டிகிரியைத் தாண்டுவதில்லை. காய்ந்த காற்று லேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று நிலத்துக்குள் ஊர்ந்து வருகிறது. அது நீர் பாய்வதுபோலப் பரவலாக வருவதில்லை. முன்னே ஒரு விளிம்பு உண்டு. அந்த விளிம்பு ஓர் ஊரைக் கடக்கும் கணத்தில்தான் காற்றின் திசை மாறுவதும், உஷ்ணம் இறங்குவதும், காற்றில் ஈரம் ஏறுவதும் சில நிமிஷங்களுக்குள் நிகழ்ந்துவிடுகின்றன. பட்டத்துச் சிறுவன் கழுத்தில் உணர்ந்தது அந்த விளிம்பைத்தான்.

கரையில் நண்பகலை ஒட்டித் தொடங்கும் இக்காற்று, மணிக்கு 10 முதல் 12 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே நகர்வதாகக் கொண்டால், கடலுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் மேற்கேயுள்ள பாபநாசத்தை ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் தொடவேண்டும் என்பது எளிய கணக்கு. ஆனால் அதற்கு எதிரே மேல்காற்று நிற்கிறது. இரண்டும் நேருக்கு நேர் தள்ளிக்கொள்ளும்போது எது வெல்லும் என்பது அன்றன்று மாறும். மேல்காற்று தளர்ந்த நாளில் கடற்காற்று கரையில் முன்னதாகவே தொடங்கி, பாபநாசத்தையும் தாண்டி, அய்யம்பேட்டை, தஞ்சாவூர் வரைக்கும் எட்டிப் பார்க்கிறது. மேல்காற்று ஓங்கிய நாளில் கடற்கரை ஊர்களுக்கே பிற்பகல் மூன்று, நாலு மணிக்குத்தான் வந்து, மாயவரத்தையோ கும்பகோணத்தையோ எட்டுவதற்குள் பொழுது சாய்ந்து, நிலம் குளிர்ந்து, தன் காரணத்தையே இழந்து ஓய்ந்துவிடுகிறது. ஜூன் 12-ஆம் தேதியை ஒட்டி மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகு, வயல்களே நீர்ப்பரப்பாகிக் குளிர்ந்துவிடுவதால், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் குறைகிறது. அந்நாட்களில் கடற்காற்றை அதிகமாக எதிர்பார்ப்பதற்கில்லை.

இதிலிருந்து ஆட்டக்காரர்களுக்கு ஒரு சுலபமான குறி கிடைக்கிறது. காலை பதினோரு மணிக்கு மேல்காற்றின் வேகத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அத்துடன் காரைக்காலிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள உறவினர் ஒருவரை ஒரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அங்கே காற்று எப்பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு மணிக்குள் கீழ்காற்று வந்துவிட்டிருந்தால், பாபநாசத்துக்கு மாலையில் கடற்காற்று வரும் என்று ஆட்டத்தைத் தைரியமாக ஏற்பாடு செய்யலாம். மூன்று மணிக்கும் வரவில்லையென்றால் அன்று அதை மறந்துவிடலாம். வந்த காற்றும் ஒரே திசையில் நிற்பதில்லை. பூமி சுழல்வதன் விளைவாக அது வலப்புறமாகச் சிறிது சிறிதாகத் திரும்பி, நேர் கிழக்கில் தொடங்கியது இரவாகும்போது தென்கிழக்காகவும், பிறகு தெற்காகவும் ஆகிவிடும். திண்ணையில் படுத்திருக்கும் கிழவர் இரவு ஒன்பது மணிக்குத் தலைமாட்டை மாற்றிக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

காற்றுக்குத் திசையைக்கொண்டு பெயர் வைத்த ஜாதி நம்முடையது. வடக்கேயிருந்து வருவது வாடை, தெற்கேயிருந்து வருவது தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை; யாழ்ப்பாணத்துக் கடலோடிகள் இவற்றோடு சோழகம், கச்சான் என்னும் பெயர்களையும் இன்றளவும் வழங்குகிறார்கள். பாபநாசத்துக்குத் தெற்கே, நீடாமங்கலத்தை அடுத்த கோயில்வெண்ணிதான் கரிகாலன் போர் வென்ற வெண்ணி என்பர். அவ்வூர்ப் புலவர் வெண்ணிக்குயத்தியார், புறநானூற்றின் 66-ஆம் பாட்டில், கடலில் கலம் செலுத்தக் காற்றையே ஏவல் கொண்ட ஒருவனின் வழித்தோன்றல் என்று அந்தச் சோழனைப் புகழ்கிறார். காற்றின் பருவம் அறிந்து காரியம் செய்வது இந்த மண்ணுக்குப் புதிய வித்தை அன்று.

இந்த மண்ணுக்கே உரிய விளையாட்டு ஒன்றும் காற்றோடு போராடி வளர்ந்ததுதான். பூப்பந்து என்று நாம் சொல்லும் கம்பளிப் பந்தாட்டம் தஞ்சாவூரில் பிறந்தது; அரச குடும்பத்தார் 1856-லேயே அதை ஆடினார்கள் என்று சொல்லப்படுகிறது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள திடலில், ஐவருக்கு ஐவராக நின்று ஆடும் இவ்வாட்டத்தின் மஞ்சள் பந்து 27 முதல் 30 கிராம் எடையுள்ளது. 160 கிராம் அளவுள்ள கிரிக்கெட் பந்தோடு ஒப்பிட்டால் ஐந்திலொரு பங்கைவிட அதிகமில்லை. எடை குறையக் குறையக் காற்று பந்தை ஆள்கிறது. தலைமட்டத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்றில், ஒன்றரை விநாடி ஆகாயத்தில் நிற்கும் பூப்பந்து ஒரு மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் விலகிவிடும். கோட்டுக்குள் விழவேண்டியது வெளியே விழும். ஐந்து கிராம் எடையுள்ள இறகுப்பந்தை நம் திடலில் ஆடவே முடியாது என்பதும், பூப்பந்தின் பெரிய போட்டிகளும் உள்ளரங்கத்துக்குப் போய்விட்டதும் இதனாலேயே. ஆயினும் நம் ஊர்களில் வெயில் கண்ணில் படாதிருக்கும்பொருட்டுத் திடலை வடக்குத் தெற்காக அமைத்த பெரியவர்கள், அறிந்தோ அறியாமலோ மற்றொரு நன்மையையும் செய்திருக்கிறார்கள். பாபநாசத்தின் இரண்டு காற்றுகளும் மேற்கும் கிழக்குமாக வருவதால், அவை திடலுக்குக் குறுக்கேதான் வீசுகின்றன. ஒரு கட்சிக்கு முதுகுக் காற்றும் மற்றொரு கட்சிக்கு முகக் காற்றும் வாய்க்கும் அநீதி இங்கே நேர்வதில்லை. புதிய திடல் அமைக்கிறவர்கள் இடவசதியை மட்டும் பார்த்துத் திசையை மாற்றிவிடாமல் இருக்கவேண்டும்.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆடி மாதத்தில் பாபநாசத்திலிருந்து ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பும் இளைஞர்கள், காலைக் குளிர்ச்சியில் கும்பகோணம் பக்கம் உல்லாசமாகப் போய்விட்டு, ஒன்பது மணிக்குமேல் மேல்காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது என்பதை நினைவில் வைத்து, விடியற்காலையில் காற்று இறங்கியிருக்கும்போதே மேற்கே தஞ்சாவூர் நோக்கி 25 கிலோமீட்டரை முடித்துவிட்டால், திரும்பும் வழியில் அதே காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்.

காற்றின் வேகத்தை அளக்கக் கருவி வேண்டும் என்று எவரும் தயங்க வேண்டியதில்லை. பிரான்சிஸ் பூபோர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805-இல் கப்பற்பாய்களின் நிலையைக்கொண்டு காற்றைப் படிகளாகப் பிரித்தார்; அதற்கு 1906-இல் வேகக் கணக்கை நிர்ணயித்தவர் ஜார்ஜ் சிம்ப்சன். அதே ஆண்டில் அவர் நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து சிம்லாவுக்கு வந்து, இடிமேகங்களின் மின்சாரத்தை ஆராய்ந்தார். 1875-இல் நிறுவப்பட்ட அத்துறைக்கு அப்போது தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை அப்பதவியில் இருந்து, நம் பருவமழையை உலகத்தின் மறுகோடியிலுள்ள பசிபிக் சமுத்திரத்தின் காற்றழுத்த ஊசலோடு பிணைத்துக் காட்டிய அந்தக் கணித மேதை, இளமையில் கேம்பிரிட்ஜின் புல்வெளிகளில் வளைதடி எறிந்து எறிந்து அதன் பறப்பைக் கணிதத்தில் எழுதியவர். அதனால் ‘பூமராங் வாக்கர்’ என்றே அவருக்குப் பெயர். விளையாட்டுக்காகக் காற்றை ஆராய்வது அற்பமான காரியம் என்று நினைப்பவர்களுக்கு இவருடைய வாழ்க்கையை எடுத்துச் சொல்லலாம்.

பூபோர்ட் அளவையை நம் ஊர்க் கண்ணுக்கு ஏற்ப நான் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். வைக்கோல் புகை சாய்ந்து போகும், அரசிலை சலசலக்கும், முகத்தில் காற்றுப் படும் என்றால் வேகம் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர். பூப்பந்துக்கு இதற்குமேல் வேண்டாம். கொடியில் உலர்த்திய துணி விரிந்து ஆடினால் 12 முதல் 19. பட்டத்துக்கு உத்தமமான காற்று இது. சாலைப் புழுதி எழும்பி, வேப்பங்கிளைகள் ஆடினால் 20 முதல் 28; பந்தாட்டங்கள் கெடத் தொடங்கும். சிறு மரங்களே வளைந்தால் 29 முதல் 38. மின்கம்பிகள் ஊளையிட்டு, குடை கையில் நிற்காமற்போனால் 39 முதல் 49. அன்று பட்டத்தை வெளியே எடுக்கவேண்டாம், தென்னையடியில் நிற்கவும் வேண்டாம்.

முன்னறிவிப்பில் சொல்லும் காற்றின் வேகம் தரைக்கு 10 மீட்டர் மேலே, தடையில்லாத வெளியில் அளந்ததற்குச் சமமான வேகம் என்பதும் பலர் அறியாதது. தரையின் உராய்வினால் ஆளுயரத்தில் அது மூன்றில் இரண்டு பங்காகவே இருக்கும். மூங்கில் கொல்லையோ தென்னந்தோப்போ காற்று வரும் பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரை காற்று தணிந்திருக்கும். ஆனால் தணிந்ததாகத் தோன்றும் அவ்விடத்தில் சுழிகள் மிகுதி. என் பதினோராவது வயதில், தோப்புக்குக் கிழக்கே காற்று அமைதியாக இருக்கிறதென்று எண்ணி அங்கேயிருந்து ஏற்றிய பட்டம், மரத்தலைக்குச் சமமாக வந்ததும் தலைகுப்புற விழுந்து விழுந்து கிழிந்ததன் காரணம் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் விளங்கிற்று. தோப்புக்கு மேற்கே போய் நின்றிருந்தால் அது ஒரே எழும்பில் ஏறியிருக்கும்.

இவ்வளவும் ஊரார் தாமே அறியக்கூடியவை. வானிலை நிலையங்களால் மட்டுமே அறியக்கூடியவையும் உண்டு. பாபநாசத்துக்கு நேர் கிழக்கே காரைக்காலில், நாள்தோறும் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உரிய நோக்கீட்டுக்காகக் கருவி கட்டிய பலூன் ஒன்று ஆகாயத்தில் ஏறி, உயரத்துக்கு உயரம் காற்றின் உஷ்ணத்தையும் ஈரத்தையும் திசையையும் சொல்லி அனுப்புகிறது. அங்கேயே உள்ள டாப்ளர் ரேடார், மழைமேகங்களையும் அவற்றுக்குள் காற்று ஓடும் வேகத்தையும் காட்டுகிறது. பூமியின் வளைவினாலும் கதிரின் சாய்வினாலும், அந்த ரேடாரின் கதிர் பாபநாசத்தை அடையும்போது தரைக்கு அரைக் கிலோமீட்டருக்கும் மேலே போய்விடுகிறது. ஆகவே மேகம் அதற்குத் தெரியும், திடலின் காற்று தெரியாது. கணிப்பொறிகள் வாயுமண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தின் அளவு, 2025 மே மாதத்தில் தொடங்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு முறையால் 6 கிலோமீட்டராகக் குறைந்திருக்கிறது. இது பெரிய சாதனை. அப்படியும் பாபநாசமும் அதைச் சூழ்ந்த வயல்களும் ஆறும் தோப்பும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், அதற்குமேல் எஞ்சியுள்ள வேலை யாருடையது என்பது விளங்கும். ஆடுதுறையிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் உழவர்களுக்கென வாரம் இருமுறை வெளியிடும் வானிலை ஆலோசனையை ஆட்டக்காரர்களும் படிக்கலாம். விதை தெளிக்கவும் மருந்தடிக்கவும் ஏற்ற காற்று எதுவோ அது பெரும்பாலும் பந்தாடவும் ஏற்றது.

அறிவிப்பின் சொற்களையும் சரியாகப் பொருள் கொள்ளவேண்டும். ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அந்தப் பிரதேசத்தின் மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25-க்கு மேற்படாதவற்றில் என்று அர்த்தம். ‘ஒருசில இடங்களில்’ என்பது 26 முதல் 50 வரை. ‘அநேக இடங்களில்’ என்பது 51 முதல் 75 வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை’ என்று கேட்டுவிட்டு, மழை பெய்யாததனால் வானிலைக்காரர் பொய் சொன்னார் என்று பேசுவது நியாயமன்று. நாலில் மூன்று ஊர்களுக்கு மழை இல்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நாளில் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. மேற்கே ஒரு கண் வைத்துக்கொண்டு ஆடவேண்டும்.

ஏன் மேற்கே என்றால், சித்திரை, வைகாசியிலும் ஆவணி, புரட்டாசியிலும் பிற்பகல் இடிமேகங்கள் திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து வெந்த மேட்டு நிலங்களில் திரண்டு, மேலடுக்குக் காற்றால் உந்தப்பட்டுப் பொழுது சாயும் நேரத்தில் பெரும்பாலும் கிழக்கு நோக்கி வருகின்றன. கடற்காற்றின் விளிம்பு ஈரத்தைக் கொண்டுவந்து அவற்றோடு மோதும் இடத்தில் மேகம் இன்னும் ஓங்குகிறது. மேற்கு அடிவானம் கறுத்து, வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென நின்று புழுங்கி, அதன்பின் மேகத்தின் பக்கமிருந்து மண்வாசனையோடு குளிர்ந்த காற்று ஒன்று பாய்ந்து வருமானால், அது மேகத்துக்குள் மழை இழுத்துக்கொண்டு இறங்கிய காற்று. சில நிமிஷங்களில் அது மணிக்கு 50, 60 கிலோமீட்டரையும் எட்டக்கூடும். அந்தக் குளிர்ச்சியை ஆட்டக்காரர்கள் ஆனந்தமாக அனுபவித்துக்கொண்டு இன்னும் ஒரு ஓவர், இன்னும் ஒரு ஆட்டம் என்று நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறும்.

இடி மின்னல் விளையாட்டன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, இந்தியாவில் 2021-இலும் 2022-இலும் ஆண்டொன்றுக்கு 2,800-க்கு மேற்பட்டவர்கள் மின்னலால் மாண்டார்கள். அறுவடையான வயலில் நிற்கும் மனிதனைவிட உயர்ந்த பொருள் சுற்றிலும் அரை பர்லாங்குக்கு இல்லாதபோது, மின்னலுக்கு அவனே கோபுரமாகிவிடுகிறான். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள்; ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி எடுத்துக்கொள்கிறது. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் உங்கள் திடலிலேயே விழக்கூடிய தூரம் அது. உடனே ஆட்டத்தை நிறுத்திக் காரைவீட்டுக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போகவேண்டும். பம்புசெட்டின் தகரக் கூரையும், வரப்போரத்துத் தென்னையும், ஒற்றைப் பனையும் புகலிடங்கள் அல்ல. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியாமல் வெளியே வரலாகாது. நனைந்த பட்டநூல் மின்சாரம் கடத்தும். மேகம் கறுத்தால் பட்டத்தை இறக்கப் பாடுபடாமல் நூலை அறுத்துவிட்டு ஓடிவிடவேண்டும். புணேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி, அருகே மின்னல் விழுவதை எச்சரிக்கிறது. ஒவ்வோர் ஆட்டக்குழுவிலும் ஒருவரிடமாவது அது இருக்கட்டும்.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை காற்றின் ராஜ்யமே மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் மேகங்கள் கடலிலிருந்து வருகின்றன. இரவிலும் விடியலிலும் பெய்கிற மழை அது. அப்போது ஆட்டக்காரனின் கண் கிழக்கே இருக்கவேண்டும். புயற்சின்னம் உருவான நாட்களில் உள்ளூர்க் கணிப்புக்கு இடமே இல்லை; அறிவிப்பு ஒன்றே வேதம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்தை அடுத்துக் கரையேறிய கஜா புயலில் விழுந்த லட்சக்கணக்கான தென்னைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. தை, மாசியில் வயலில் கதிரும் களத்தில் நெல்லுமாக இருக்கும். விடியற்பனியில் பந்து நனைந்து கனக்கும் என்பதைத் தவிர அம்மாதங்களில் சொல்வதற்கு அதிகமில்லை.

வெட்டவெளியில் ஆடும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாள்தோறும் மாலையில் திடலுக்கு வந்ததும், அன்று காலை பதினோரு மணிக்கு மேல்காற்று எந்தப் படியில் இருந்தது, அது ஓய்ந்த மணி எது, கடற்காற்று வந்த மணி எது, வராவிட்டால் வரவில்லை என்று, மேற்கே கறுத்ததா, மழை வந்ததா என்று ஐந்து வரிகள் எழுதுங்கள். எழுதுகிற கை மாறலாம், நோட்டு மாறக்கூடாது. சித்திரையில் தொடங்கி ஆவணிவரை எழுதிய நோட்டை அடுத்த சித்திரையில் திறந்து, அன்றைய அறிவிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன் ஒரு பிரதியை ஆடுதுறை நிலையத்துக்கும் அனுப்பிவையுங்கள்.